முரசு கட்டிலும் முக்காலியும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை. என் தம்பி ஒரு முக்காலியைத் தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்தான். வட்டமான மெத்தை, அதன்கீழ் மூன்று இரும்புக் கால்கள், திருகினால் உயரும், தளர்த்தினால் தாழும். மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை சுமந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்த அப்பா, வெங்காயச் சருகு ஒட்டிய துண்டை உதறியவாறே, "என்னடா இது, சலூன் கடைச் சேராட்டம்?" என்று கேட்டார்.

"டிரம்ஸ் வாசிக்கிறவங்க உட்கார்றதுப்பா" என்றான் அவன்.

துண்டை உதறிய கை நின்றது. "உக்காந்தா அடிப்பாங்க?" என்றார் அப்பா. விடைக்குக் காத்திராமல் முகம் கழுவப் போய்விட்டார்.

இரண்டே சொற்கள்! பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு நின்றுவிட்ட என் தந்தையின் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை தலைமுறைகள் நின்றுகொண்டே இருக்கின்றன என்று எண்ணி எண்ணி, அன்றிரவு நான் உறங்கவில்லை. ஏனெனில், என் தந்தை பறையடித்தவர். நின்று அடித்தவர், நடந்து அடித்தவர், வெயிலில் கால் கொதிக்க, மழையில் தோள் நடுங்க, ஊரார் அமர்ந்திருக்கத் தாம் அமராமல் அடித்தவர்.

மேலைநாட்டுக் கொட்டுக்காரர் அமரும் அந்த முக்காலிக்கு ஆங்கிலத்தில் 'த்ரோன்' என்று பெயர். அரியணை என்பது அதன் பொருள்! நண்பர்கள் நகைச்சுவைக்காகச் சொல்வதன்று. கடைக்காரரின் விலைப்பட்டியலிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. கொட்டுகிறவனுக்கு அரியணை தந்த நாடு அது, கொட்டுகிறவனைத் தெருமுனையில் நிறுத்திய நாடு இது என்று ஒப்பிட்டு உணர்ச்சி பொங்க எழுதிவிட எனக்கும் ஆசைதான். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. கொட்டுக்கு உயர்ந்த இருக்கை அளிக்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று.

மோசிகீரனார் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் ஓர் ஆண்டையும் கழித்ததில்லை. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனை. வீர முரசை நீராட்டக் கொண்டுபோயிருக்கிறார்கள். மலர் பரப்பிய முரசு கட்டில் வெறுமையாய்க் கிடக்கிறது. வழிநடந்து களைத்த புலவர், இன்ன கட்டில் என்று அறியாமல் ஏறிப் படுத்துக் கண்ணயர்ந்துவிடுகிறார். அந்தக் குற்றத்துக்குத் தண்டனை, வாளால் இரு கூறாக்குவது. மன்னனோ வாளை எடுக்கவில்லை; கவரியை எடுத்தான்; தமிழ் உறங்குகிறது என்று கருதித் தன் கையாலேயே வீசி நின்றான். புறநானூற்றில் 50ஆம் பாட்டு இந்தச் செய்தியைச் சொல்கிறது.

பிள்ளைகள் கைதட்டுவார்கள், நானும் மகிழ்வேன். ஆனால் அந்த முக்காலி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அதே பாடத்தை நடத்தியபோது, அதுவரை தோன்றாத ஓர் ஐயம் தோன்றிற்று. முரசுக்குக் கட்டில் இருந்தது. முரசைப் பாடிய புலவருக்குக் கவரிக் காற்று கிடைத்தது. முரசை அடித்தவன் எங்கே படுத்தான்? தோலைப் பதப்படுத்தி, வாரால் இறுக்கிக் கட்டி, களத்தில் முழங்கவைத்தவனின் பெயர் என்ன? அந்தக் கேள்வியை வகுப்பில் நான் கேட்கவில்லை. தொண்டை வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

இத்தனைக்கும், பண்டைத் தமிழர் பறையை இழிவாகக் கருதியதாகத் தெரியவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை அடுக்குமிடத்தில், தெய்வத்தையும் உணவையும் சொல்லும் அதே மூச்சில் பறையையும் சொல்கிறது. மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளைக் கூறி, இந்நான்கல்லது வேறு குடியில்லை என்று பாடினார். அன்று குடிப்பெருமையாக இருந்த பெயர் பின்னாளில் வசைச் சொல்லானதே, ஆங்கில அகராதி வரை சென்று 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளோடு குடியேறிற்றே, அதற்கு யார் பொறுப்பு? தோலில் தீட்டைக் கண்டவர்கள்தாமே? தோலுக்குத் தெரியுமா தீட்டு?

எங்கள் ஊர் மதுரைக்கு வடக்கே, பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் சமவெளியில், நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிறது. பெயர் வேண்டாம்; அந்த வட்டாரத்தில் எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் கதை ஏறக்குறைய இதுதான். கேதம் சொல்லப் போவதும் கேத வீட்டில் கொட்டுவதும் எங்கள் தெருவின் கடமை. தொழில் என்று நான் சொல்லவில்லை, கடமை என்றேன். தொழிலுக்குக் கூலி பேசலாம்; கடமைக்குப் பேச முடியாது. அறுவடைக் களத்தில் இத்தனை மரக்கால் நெல் என்று என் பாட்டனார் காலத்தில் வழக்கம் இருந்தது. அப்பா காலத்தில் நெல் போய்ப் பணம் வந்தது. ஆனால் எவ்வளவு என்று சொல்லும் வாய் மட்டும் கொடுப்பவரிடமே இருந்தது. உயிர் பிரிந்தது நள்ளிரவானால் நள்ளிரவில் எழுந்து போக வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல இயலாது. வரமாட்டேன் என்று சொல்ல நா எழாது.

அந்தக் கடமையைக் கலையாகச் செய்தார் என் தந்தை. மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தினால் பறையின் சட்டம். அதன்மேல் பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்ட வேண்டும். அடிக்குமுன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டுவார். ஈரம் வற்றித் தோல் விறைக்கும். விரலால் சுண்டிச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பது போல இருக்கும். இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையாய்த் தடித்த அடிக்குச்சி. ஒன்று சிலிர்க்கும், மற்றொன்று அதிரும். பிணத்துக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, மஞ்சுவிரட்டுக்கு ஓர் அடி; கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாலும், வெளியே என்ன நடக்கிறது என்பதை அப்பாவின் அடியைக் கொண்டே அம்மா சொல்லிவிடுவாள்.

2009ஆம் ஆண்டு, நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பெரிய வீட்டுக் கேதம் ஒன்றில், குடித்திருந்த இளைஞன் ஒருவன் பத்து ரூபாய்த் தாள் ஒன்றைத் தரையில் போட்டு, கொட்டை நிறுத்தாமலே உடலை வளைத்து அதைக் கண்ணிமையால் எடுக்கச் சொன்னான். ஆட்டக்காரர்கள் இதை வித்தையாகச் செய்து காட்டுவது உண்டு. விரும்பிச் செய்தால் வித்தை; விரட்டிச் செய்வித்தால்? அப்பாவுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. முதுகு வளைய மறுத்தது. இரண்டாம் முறை அவர் குனிந்தபோது, ஒரு செருப்புக் கால் வந்து அந்தத் தாளின்மேல் நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிணம் கிடக்கும் வீட்டில் சிரிப்பு!

இதெல்லாம் அம்மா சொல்லி நான் அறிந்தது. அப்பா இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்றிரவு பறையைப் பரணில் போட்டார். அடுத்த மாதம் குடும்பம் மதுரைக்கு, செல்லூருக்கு வந்துவிட்டது. சுமை தூக்கினார், எங்களைப் படிக்கவைத்தார். பரணில் ஏற்றிய பறையை விட்டுவிட்டு வர மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. இங்கும் ஒரு பரண் இருந்தது, அதில் ஏறிற்று.

கல்லூரியில் வரலாறு படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. அமெரிக்காவில் தென் கரோலினா என்னும் பகுதியில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், 1739ஆம் ஆண்டு அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கொட்டு முழக்கி, கொடி பிடித்து, விடுதலை கேட்டு நடந்தார்கள். கிளர்ச்சி குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. மறு ஆண்டு, 1740இல், ஆண்டைகள் ஒரு சட்டம் செய்தார்கள்: அடிமைகள் கொட்டு வைத்திருக்கக் கூடாது! ஒலியால் ஒருவரையொருவர் அழைத்துவிடுவார்கள் என்ற அச்சம். படித்துக்கொண்டிருந்த நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அங்கே, அடிக்காதே என்றது சட்டம். இங்கே, அடி என்றது வழக்கம். அங்கே கொட்டைப் பறித்து அடிமையாக்கினார்கள்; இங்கே கொட்டைக் கையில் கொடுத்தே அடிமையாக்கினார்கள். எது கொடிது என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது.

தம்பி வாங்கிவந்த முக்காலியின் வரலாறும் அந்த மண்ணில்தான் தொடங்குகிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் காங்கோ சதுக்கம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடிக் கொட்டி ஆடினார்கள். அதே நகரின் வாத்தியக் குழுக்களில் பெரிய கொட்டை ஒருவர், சிறிய கொட்டை ஒருவர், தாளத்தட்டை ஒருவர் என்று நின்றும் நடந்தும் வாசித்தது பழைய முறை. அவையெல்லாம் ஒருவரின் கைக்கும் காலுக்கும் வந்து சேர வேண்டுமானால் அவர் உட்கார்ந்தாக வேண்டும். 1909இல் லுட்விக் நிறுவனத்தார் செய்த கால்மிதி அதற்கு வழிவகுத்தது. பெரிய கொட்டைக் கால் பார்த்துக்கொள்ள, கைகள் இரண்டும் விடுதலை பெற்றன. ஜாஸ் பிறந்தது, அதன் வழியே ராக் பிறந்தது. லிவர்ப்பூலின் ஏழைத் தெருவில் பிறந்து, நோயாளிச் சிறுவனாக மருத்துவமனையில் கிடந்தபோது தட்டத் தொடங்கிய ரிங்கோ ஸ்டார், 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோழர்களுக்குப் பின்னே உயர்ந்த மேடையில் அமர்ந்து வாசித்தார். ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு உலகெங்கும் எத்தனை சிறுவர்கள் தகரப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அடித்திருப்பார்கள்!

என் தம்பியும் தகரப் பெட்டியில் தொடங்கியவன்தான். ஆனால் அவனைத் தூண்டியது லிவர்ப்பூல் அன்று; சென்னை. 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதலாக மேடையேறிற்று. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் அன்று முழங்கிய கருத்திலிருந்து பெயர் பெற்ற குழு. கானாப் பாடகர்களும் சொல்லிசைப் பாடகர்களும் சேர்ந்து பத்தொன்பது பேர். கிட்டாரும் மேலைநாட்டு டிரம்ஸும் ஒருபுறம்; பறையும் சட்டியும் மோளமும் மறுபுறம். அதை என் தம்பி கைப்பேசியில் பார்த்தபோது அவனுக்கு வயது பதினைந்து. "அக்கா, இங்க பாரு. நம்ம கொட்டும் டிரம்ஸும் ஒரே மேடையில" என்று கையைப் பிடித்து இழுத்தான். நான் பார்த்துவிட்டு, "சத்தத்தைக் குறை, அப்பா தூங்குறார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன் போலும். தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் நான் பள்ளியிலும் கல்லூரியிலும் 'கூலி' என்றே எழுதிவந்தேன். அது பொய்யன்று, ஆனால் மெய்யை மறைக்கத் தேர்ந்த மெய். கல்லூரிக் கலைவிழாவுக்கு ஒருமுறை பறைக் குழு வந்தது. என் வகுப்புத் தோழியர் வட்டமாகக் கூடி அடவு பிடித்து ஆடினார்கள். நல்ல பெண்கள், கள்ளமில்லாமல் ஆடினார்கள், தமிழர் கலை என்று பெருமிதத்தோடு ஆடினார்கள். என் கால் மட்டும் நகரவில்லை. "உனக்கு ஆடத் தெரியாதா?" என்று கேட்டாள் ஒருத்தி. தெரியாது என்றேன். பிறக்கும்போதே காதில் விழுந்த அடி அது! பழியைச் சுமக்காத கால்கள் எளிதாக ஆடுகின்றன. அதற்காக அவர்களை நான் நோகமாட்டேன். நோக வேண்டியது என்னைத்தான். ஆசிரியையாக வந்த முதலாண்டில், மேசையில் விரலால் அழகாகத் தாளமிட்ட ஒரு சிறுவனை, அளவுகோலால் பலகையைத் தட்டி அடக்கினேன். அவன் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டான். அவனுடைய தந்தை எந்தக் கேதத்துக்குப் போகிறவர் என்று பின்னால் அறிந்தபோது, என் கை எனக்கே அந்நியமாகத் தெரிந்தது.

பறையை மீட்கப் பாடுபட்டவர்கள் நம் கண்ணெதிரேயே இருந்தார்கள், இருக்கிறார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில், 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, சாவுக் கொட்டு என்று ஒதுக்கப்பட்ட இசையை வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். 2005இல் அவர் மறைந்தார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள், ஆண்களுக்கே உரியதென்று இருந்த பறையைத் தோளில் மாட்டினார்கள். 2007இல் தொடங்கிய சென்னைச் சங்கமம் பறையைப் பூங்காக்களுக்குக் கொண்டுபோயிற்று. எங்கள் பக்கத்து அலங்காநல்லூரின் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்ட அப்பா எழுந்து உட்கார்ந்தார். "நல்ல கை" என்றார். அவ்வளவுதான். பின் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். மேடையில் கிடைக்கும் மாலை, ஊருக்குள் நள்ளிரவில் கதவு தட்டப்படும் வீட்டுக்கு வந்து சேர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

தம்பி பாலிடெக்னிக் படிப்பை முடித்தான். வேலைக்குப் போவான் என்று அப்பா எண்ணியிருக்க, தேவாலயம் ஒன்றில் கிடந்த டிரம்ஸில் அங்கிருந்த நல்ல உள்ளங்களின் இசைவால் பழகிக்கொண்டு, மூன்று நண்பர்களோடு ஒரு குழு கண்டான். சுயேச்சைக் குழு என்கிறார்கள். திரைப்பாட்டைத் திருப்பிப் பாடுவதில்லை. தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுவது. எந்தப் பட நிறுவனத்துக்கும் கட்டுப்பட்டதன்று. ஆகவே எந்த நிறுவனமும் சோறு போடுவதும் இல்லை!

அந்தப் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாடகன் தொண்டையைக் கொண்டு போனால் போதும். கிட்டார்க்காரன் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறுவான். டிரம்ஸ்காரனுக்கோ ஒரு குடித்தனத்தையே பெயர்த்துக்கொண்டு போவதைப் போல. பெரிய கொட்டு, சிறிய கொட்டு, டாம்கள், தட்டுகள், தாங்கிகள், மிதிகள். முதலில் வருபவன் அவன். கடைசியில் போகிறவனும் அவன். எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு நிகழ்ச்சி. வண்டிக்கு இரண்டாயிரத்து நானூறு போனால், நால்வருக்கு ஆளுக்கு ஆயிரத்து நானூறு. அப்படிப்பட்ட நிகழ்ச்சிகூட மாதம் ஒன்றோ இரண்டோதான். ஆகவே வார நாட்களில் ஏழு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறான். இலண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் தேர்வுகளுக்கு அவர்களைத் தயார் செய்கிறான். டிரம்ஸுக்கு எட்டுப் படித் தேர்வும் சான்றிதழும் உண்டு. அப்பாவின் அறிவுக்கு எந்தக் கல்லூரி சான்றிதழ் கொடுத்தது? ஞாயிறு காலை தேவாலயம், திருமண மாதங்களில் மெல்லிசைக் குழு. இத்தனையும் அவனுடைய பாட்டை அவன் வாசிக்கக் கிடைக்கும் அந்த ஓரிரவுக்காக. வீட்டில் பழகினால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள் என்பதால், மொட்டைமாடியில் ரப்பர் பலகைமேல் ஓசையின்றி அடிக்கிறான். இரவில் தூரத்தே கேட்கும் அந்த 'டொப் டொப்' ஒலியில், அப்பா புரண்டு புரண்டு படுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"அடிக்க வேணாம்னுதானே தாயி ஒங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். தம்பியிடம் சொல்லவில்லை. அவனிடம் பல வாரங்கள் பேசவே இல்லை. நான் யாருக்காகப் பேசுவது? குனிய மறுத்துப் பறையைக் கீழே வைத்த கையும் தன்மான உணர்ச்சியால் இயங்கிய கை. விரும்பிக் குச்சியை எடுத்த கையும் அப்படியே. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே தட்டு வரிசையில், ஒன்றையொன்று பாராமல் உண்டுகொண்டிருந்தன.

அப்படி ஒருநாள் உண்டுகொண்டிருக்கையில் தம்பியின் கைப்பேசி ஒலித்தது. வசதியான வீடொன்றில் பிறந்தநாள் விருந்து. விருந்தினர் உண்ணும்போது பின்னணியில் திரைப்பாட்டு வாசிக்க வேண்டுமாம். தம்பி அமைதியாகக் கேட்டான். "இல்லைங்க. எங்களுக்கு ஒத்துவராது. வர முடியாதுங்க" என்றான். மறுமுனையில் தொகை உயர்ந்தது போலும். "பணத்துக்காகச் சொல்லலைங்க. வர முடியாது" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, குழம்பை ஊற்றிக்கொண்டான். அவனுக்கு அது ஒன்றுமே இல்லை. அப்பாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவனையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அதற்கு இரண்டு வாரங்கள் கழித்து, கே.கே. நகரில் ஒரு மாடியரங்கில் அவர்கள் நிகழ்ச்சி. எண்பது பேர் இருந்திருக்கலாம். நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் உட்காராமல், வாயிற்படிக்கருகே துண்டை மடித்துக் கையில் பிடித்தபடி அப்பா நின்றுகொண்டிருப்பதை நான் பாதி நிகழ்ச்சிக்குப் பிறகே கண்டேன். நான் அழைக்கவில்லை; தம்பியும் அழைக்கவில்லை. நான்காவதாக ஒரு பாட்டு. அதன் நடுவே கிட்டார் ஓய, தம்பி மட்டும் வாசிக்கும் இடம். பெரிய கொட்டில் கால் ஒரு நடையைப் பிடித்தது. எனக்கு உடல் சிலிர்த்தது. சாமி புறப்பாட்டு அடி! பரணில் கிடக்கும் பறையிலிருந்து அவன் அதை எப்போது எடுத்தான்? திரும்பிப் பார்த்தேன். அப்பா தலையை அசைத்துக்கொண்டிருந்தார். பாராட்டி அன்று, ஏதோ கணக்குத் தப்புவதைக் கண்ட ஆசிரியரைப் போல.

கூட்டம் கலைந்த பின் மேடையருகே வந்தார். சிறிய கொட்டின் முகப்பை விரலால் சுண்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன தோலு?"

"பிளாஸ்டிக்குப்பா."

"காய்ச்ச வேணாமா?"

"வேணாம். இந்தத் திருகைத் திருகினாப் போதும்."

1957இல் அமெரிக்காவில் ரெமோ பெல்லி என்பவர் கொட்டுக்குப் பாலியெஸ்டர் முகப்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் ராக் மேடைகளில் விலங்குத் தோல் மெல்ல மறைந்தது. தோலில்லாவிட்டால் தீட்டில்லை அல்லவா என்று நான் கசப்போடு எண்ணியதுண்டு. ஆனால் இதே தமிழ்நாட்டில், பசு, எருமை, ஆடு என்று மூன்று தோலும் போர்த்த மிருதங்கம் எந்தத் தீட்டும் இல்லாமல் சபாக்களில் வீற்றிருக்கிறது. அதைச் செய்து கொடுக்கும் கைகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தருவதாக இருந்த கலாசேத்திரம் கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. ஆக, தீட்டு தோலில் இல்லை. அப்பா இவற்றையெல்லாம் அறியார். அவர் கவனம் கொட்டின்மேல் இருந்தது.

"உட்காந்து பாருங்கப்பா" என்றான் தம்பி.

அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் ஏதும் சொல்வதாக இல்லை. அரங்கப் பையன் ஒருவன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் நிமிரக்கூட இல்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு முக்காலியின் விளிம்பில், பாதி உடம்பை மட்டும் வைத்து, அமர்ந்தார். தம்பி குச்சிகளைக் கொடுத்தான். வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடைபார்த்தார். முகம் சுளித்தது.

"ரெண்டும் ஒரே கனமா இருக்கே. அதான் ஒனக்கு அந்த எடத்துல பேச மாட்டேங்குது. எடக்கைக்கு மெலிசு வேணும்டா."

அவ்வளவுதான் சொன்னார். அடிக்கவில்லை, குச்சிகளைக் கொட்டின்மேல் வைத்துவிட்டு எழுந்தார். பேருந்தில் வழக்கம்போல் ஒன்றும் பேசவில்லை. பரண் பறை இன்னும் பரணில்தான் இருக்கிறது; எடுக்கவா என்று கேட்டால் சினம் கொள்கிறார். தோல் வெடித்துப் போயிருக்கும் என்று அம்மா சொல்கிறாள்.

மறு ஞாயிறு தேர்வுத்தாள் திருத்திக்கொண்டு திண்ணையில் இருந்தேன். முற்றத்தில் தம்பி ஒரு மூங்கில் சிம்பைச் சீவிக்கொண்டிருந்தான். எதிரே அந்த முக்காலியை இழுத்துப் போட்டு, முழுதாக அமர்ந்து, அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சீவு" என்றார். "கணு பக்கம் வேணாம், ஒடைஞ்சிரும். நுனியில சீவு."